ஆப்ல மஞ்சள், நெஞ்சுல இறுக்கம்

என் தம்பிக்கு இருபது வயசு, சின்னதுலேர்ந்தே ஆஸ்துமா. வீட்ல இருந்த வரைக்கும் இன்ஹேலர் அடிச்சியாடான்னு அம்மா துரத்திக்கிட்டே இருப்பாங்க, இப்போ தனியா ரூம் எடுத்து இருக்கான், கேக்க ஆளில்ல. காட்டுத்தீ புகை வந்தப்போ ஒருநாள் ராத்திரி போன் பண்றான், "அக்கா, நெஞ்சு இறுக்கமா இருக்கு, ஆனா காத்துத் தரம் காட்டற ஆப்ல மஞ்சள்தான், பரவால்லன்னுதான் காட்டுது"ன்னு. ஆப்ப கேட்டுட்டுதான் நெஞ்சு இறுகணும் போல!

தீ எங்கயோ எரியுதுன்னு சும்மா இருந்துட முடியாது. 2023 ஜூன்ல கனடா காட்டுத்தீ புகை நியூயார்க் வானத்தையே ஆரஞ்சு கலர் ஆக்கிடுச்சு. அதுல இருக்கற பிஎம் 2.5 துகள் தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்குதான், மூக்குல நிக்காது, நேரா நுரையீரல் அடி வரைக்கும் போயிடும்.

இவன் ரெண்டு ஆப் வெச்சிருந்தான், ரெண்டும் வேற வேற நம்பர். நோண்டிப் பாத்தா, ஏக்யூஐ, அதான் காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்ற அந்த நம்பர், அதோட கணக்கே நாட்டுக்கு நாடு வேற. ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருந்தா இந்தியக் கணக்குல 100, அமெரிக்கக் கணக்குல அதுவே 150-ஐ தாண்டி சிவப்பு. காத்து ஒண்ணுதாங்க. இதுபோக ஆப் எடுக்கற அளவு பல கிலோமீட்டர் தள்ளி இருக்கற மானிட்டர்லேர்ந்து வரலாம், சில மணி நேர சராசரியாவும் இருக்கலாம், புகை திடீர்னு சூழ்ந்தா நம்பர் பின்னாடிதான் வரும். அமெரிக்காவுல ஏர்நவ் ஆப்போட புகை மேப்ல பக்கத்துத் தெரு சின்ன சென்சர் அளவும் சேர்ந்து வருது, அது எவ்வளவோ மேல்.

ஆனா எந்த ஆப்பும் வெளிக்காத்தைத்தான் சொல்லும், அவன் நுரையீரல சொல்லாது. அதனால மூச்ச எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு அளக்கற பீக் ஃப்ளோ மீட்டர்ல காலைல சாயங்காலம் ஊதி, போன் நோட்ஸ்ல அன்னிக்கு ஏக்யூஐ பக்கத்துல எழுதச் சொன்னேன். தன்னோட பெஸ்ட் அளவுல 80 சதவீதத்துக்குக் கீழ போனா உஷார், 50-க்குக் கீழன்னா ஆபத்து. ரெண்டு வாரத்துல தெரிஞ்சது, ஊருக்கெல்லாம் 100-க்கு மேலதான் எச்சரிக்கை, இவனுக்கு 80-லயே வீசிங். டாக்டர்கிட்ட அத காட்டினதுல, எப்போ என்ன செய்யணும்னு இருக்கற ஆக்‌ஷன் பிளானையே மாத்தி எழுதிக் குடுத்தார்.

முன்னாடி நோட்டிஃபிகேஷன் தொல்லை தாங்காம எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வெச்சிருந்தான் (இருபது வயசுல நாமளும் அப்படித்தான்). இப்போ ரெண்டே ரெண்டு, 80 தாண்டினா ஒண்ணு, தினமும் போடற ப்ரிவென்டர் இன்ஹேலருக்கு ஒண்ணு. அந்த ரெண்டாவதுதான் முக்கியம், ஏன்னா ப்ரிவென்டர் வேலை செய்ய நாள்கணக்கு ஆகும், புகை வந்தப்புறம் தேடி பிரயோஜனமில்ல. மூச்சு முட்டும்போது உடனே அடிக்கற ரிலீவர் இன்ஹேலர் அடிச்சும் அடங்கல, ஒரு வாக்கியம் முழுசா பேச மூச்சு பத்தல, உதடு நீலமாகுதுன்னா ஆப்ப பாத்துட்டு இருக்காத, ஆம்புலன்ஸ கூப்பிடுன்னு தனியா சொல்லி வெச்சிருக்கேன்.

போன வாரம் மெசேஜ், "அக்கா 85, ஜன்னல் சாத்திட்டேன், இன்னிக்கு ரன்னிங் கட், வெளிய போனா என்95 மாஸ்க்." சந்தோஷமா இருந்துச்சு. ப்ரிவென்டர் போட்டியான்னு கேட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பத்து நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் "இப்போ போட்டேன்".