ஒரு எண், இரண்டு ஆள்

ஒரு குழுவில் யார் யாரோடு எப்போதிலிருந்து எப்போதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள் என்ற பட்டியல் கையில் இருந்தது. தொடக்கம், முடிவு, அனுப்பியவர், பெற்றவர் என்று நான்கே நெடுவரிசை. மொத்தம் 61 பேர். காலப்போக்கில் மாறும் வலையமைப்புகளைக் கையாள, புள்ளியியல் நிரல்மொழியான ஆர்-இல் நெட்வொர்க்டைனமிக் என்றொரு தொகுப்பு உண்டு. அதுவும் இதே நான்கை இதே வரிசையில்தான் கேட்கிறது. அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆனது.

ஆட்களின் அடையாள எண்கள் நான்கு இலக்கம்: 1003, 1047, 4218 என்று போகும். அப்படியே கொடுத்தேன். பிழை எதுவும் இல்லை. படம் வரையச் சொன்னால்தான் கணினி திணறியது. எத்தனை கணுக்கள் (ஆளுக்கு ஒன்றாக வலையமைப்பில் நிற்கும் புள்ளிகள்) என்று கேட்டால் 4218 என்கிறது! அடிப்படை வலையமைப்பு எதையும் நாம் தராவிட்டால், பட்டியலில் இருக்கும் மிகப் பெரிய எண்ணையே அது அளவாக எடுத்துக்கொள்கிறது. அதைச் சொல்லும் வரி ஓடும்போதே திரையில் வந்திருந்தது. பிழை என்று போடாததால் நான் படிக்கவில்லை. அதைப் பொறுத்தவரை கணு எண் என்பது ஆளின் பெயரல்ல, 1-இல் தொடங்கும் இருக்கை எண்.

சரி, எண்களைச் சுருக்கிவிடலாம் என்று இரண்டு நெடுவரிசைகளையும் தனித்தனியாக ஃபேக்டராக்கி, அதாவது அந்தந்த நெடுவரிசையில் வரும் வெவ்வேறு மதிப்புகளை வரிசைப்படுத்தி, பிறகு 1, 2, 3 என்று முழு எண்ணாக்கினேன். அளவு 58 வந்தது. மூன்று பேர் யாரோடும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். படமும் அழகாகவே இருந்தது. அதுதான் வினை.

மறுநாள் பார்த்தால் சிலர் தமக்குத் தாமே செய்தி அனுப்பியிருக்கிறார்கள். மூலப் பட்டியலில் அப்படி ஒரு வரிகூட இல்லை. முதல் பத்து வரிகளைப் பழைய எண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. 1003 யாருக்கும் அனுப்பியதே இல்லை, பெற்றது மட்டும்தான். ஆகவே பெற்றவர் நெடுவரிசையில் 1 என்பது 1003. அனுப்பியவர் நெடுவரிசையில் அதே 1 என்பது அடுத்த ஆளான 1009. அதன்பின் எல்லாமே நகர்ந்துவிட்டது. முந்தைய நாள் எடுத்த அளவீடுகள் எல்லாம் குப்பைக்கு.

தீர்வு என்னவோ இரண்டே வரி. இரு நெடுவரிசைகளையும் சேர்த்து, திரும்ப வருபவற்றை நீக்கி ஒரே முதன்மைப் பட்டியல். பிறகு மேட்ச் கட்டளையால் இரண்டையும் அந்த ஒரே பட்டியலோடு ஒப்பிட்டு இடத்தின் எண்ணை எடுப்பது. இப்போது 61. அசல் எண்களைக் கணுப் பெயர்களாகப் போட்டு, அந்தப் பண்பையே நிலையான அடையாளமாக, அதாவது வெர்டெக்ஸ் பிஐடி-யாக, அறிவித்தேன்.

அப்புறம் வேறொரு தரவில் மாதத்துக்கு ஒரு வலையமைப்பாக அடுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் ஆள் கூடினாலோ குறைந்தாலோ பிஐடி கேட்டு நின்றுவிடும், அது பரவாயில்லை. ஒருவர் போய் ஒருவர் வந்து எண்ணிக்கை சமமாக இருந்தால்தான் ஆபத்து. பிஐடி தராவிட்டால், வந்தவரைப் போனவரின் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு எதுவும் சொல்லாது. முதல் அனுபவத்தால் இதில் தப்பித்தேன்.

ஆனால் கடைசியில் நிறம் தீட்டும்போது மறுபடி சறுக்கினேன். குறிப்பிட்ட காலத்தில் இருந்தவர்களை மட்டும் வெட்டியெடுத்தால், கிடைக்கும் சிறிய வலையமைப்பில் கணுக்கள் மீண்டும் 1-இலிருந்து எண்ணப்படும். பழைய 17-க்கு வைத்திருந்த சிவப்பு யாரோ ஒருவர் தலையில் விழுந்தது. கெட் வெர்டெக்ஸ் ஐடி கட்டளையிடம் பிஐடி-யைக் கொடுத்து, புது எண்ணைக் கேட்டு வாங்கிய பிறகுதான் சிவப்பு 1047-க்கே போய்ச் சேர்ந்தது.