பேர்ட்ஸ்வில் பாதைக்குக் கிளம்பும் முன்

அவுட்பேக், அதாவது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி, அங்கே பயணம் என்று சொன்னாலே நம்ம ஆட்கள் முதலில் விசாரிப்பது வண்டியைத்தான். என்ன டயர், சஸ்பென்ஷன் உயர்த்தியாச்சா, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் இருக்கா என்று. போன குளிர்காலத்தில் அடிலெய்டிலிருந்து வடக்கே மரீ என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்து குயின்ஸ்லாந்து எல்லைக்கு அப்பால் இருக்கும் பேர்ட்ஸ்வில் வரைக்கும், நடுவில் சில மாட்டுப் பண்ணைப் பாதைகளுக்குள்ளும் நுழைந்து வந்ததைச் சொன்னதிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் இதே ரகம். வண்டிக் கதைக்கும் வருகிறேன். ஆனால் ஏற்பாட்டில் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது போன் பேசுவதுதான். பயணம் ஒழுங்காக நடந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் 517 கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டில் குயின்ஸ்லாந்து மாடுகளை மரீ ரயிலடிக்கு நடத்தியே கொண்டுவந்த வழி இது. இன்று மண்ணைச் சமப்படுத்தும் கிரேடர் இயந்திரம் போட்ட அகலமான மண் ரோடு, நல்ல நாளில் சாதாரணமாக 80இல் போகலாம். ரோடு யாருக்கும் பொதுவானது. ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் இருப்பது வெறும் பாலைவனம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்களே, அங்கேதான் சிக்கல். அத்தனையும் மாட்டுப் பண்ணை. இங்கே அதை ஸ்டேஷன் என்பார்கள். வழியில் வரும் கிளிஃப்டன் ஹில்ஸ் ஒன்று மட்டுமே 16,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வேலியும் கண்ணில் படாது, வீடும் கண்ணில் படாது, அதனால் ஆளே இல்லாத இடம் என்று தோன்றிவிடும்.

நிலம் அரசாங்கத்துடையது, மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விட்டது. தென் ஆஸ்திரேலியாவில் இதற்கென்று 1989ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி சில பாதைகளைப் பொதுமக்கள் போய்வரத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அவற்றில் போக யாரையும் கேட்க வேண்டாம். அந்தப் பாதையை விட்டு விலகி வண்டியைத் திருப்பினால் குத்தகைக்காரரின் சம்மதம் வேண்டும். மேப் ஆப்பில் இரண்டும் ஒரே மாதிரி புள்ளிக் கோடாகத்தான் தெரியும். ஆப் கோடு போட்டுக் காட்டுகிறது என்பதற்காக அது போகலாம் என்ற கோடு இல்லை. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் போய் ஸ்டேஷன்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

அதனால் போன். பகலில் அடித்தால் யாரும் எடுப்பதில்லை, எல்லோரும் வேலைக்கு வெளியே போயிருப்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அடித்தால் கிடைப்பார்கள். ஒரு ஸ்டேஷனில் எடுத்த அம்மா நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்புறம் வரிசையாகக் கேள்வி கேட்டார். எத்தனை வண்டி? பின்னால் டிரெய்லர், கேரவன் ஏதாவது உண்டா? நாய் இருக்கிறதா? எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம்? என்றைக்கு உள்ளே வந்து என்றைக்கு வெளியே போகிறீர்கள்? நாய் விஷயம் எனக்குப் புதிது. டிங்கோ என்ற காட்டு நாய்களுக்காக வைக்கும் விஷ இறைச்சி நிலம் முழுக்கக் கிடக்குமாம், வீட்டு நாய் மோப்பம் பிடித்துத் தின்றால் அதோடு சரி. கடைசியில், "அந்த வாரம் வியாழக்கிழமை வரை மாடு திரட்டுகிறோம், பாதை ஓரத்துப் பட்டியில்தான் அடைப்போம், நீங்கள் வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்றார். நாட்கணக்காக மோட்டார் சைக்கிளிலும் ஹெலிகாப்டரிலும் விரட்டி ஒன்று சேர்த்த மாடுகள் நடுவில் நாம் ஹாரன் அடித்துக்கொண்டு போய் நின்றால் அத்தனையும் கலைந்துபோகும். நாங்கள் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம், அதற்காக மற்ற நாட்களையும் மாற்றிப் போட வேண்டி வந்தது, அது பரவாயில்லை, லீவை முன்பின் தள்ளக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் கேட்டிருந்தேன்.

இடம் விட்டுக் கேட்டதற்கு இன்னொரு காரணம் மழை. இந்தப் பக்கம் மண் களிமண். 10 மில்லிமீட்டர் பெய்தாலே ரோட்டை மூடிவிடுவார்கள், காய்ந்து திறக்கச் சில நாளாகும். மூடிய ரோட்டில் போனால் அபராதம் என்பது ஒரு பக்கம். ஈரத்தில் ஓட்டிய சக்கரத் தடம் காய்ந்ததும் கான்கிரீட் மாதிரி இறுகிவிடும், அடுத்த தடவை கிரேடர் வரும் வரை அந்தப் பள்ளத்தில் முதுகு உடைய ஓட்டப்போவது அங்கே குடியிருப்பவர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

கூப்பர் க்ரீக் என்ற ஆற்றின் கதை இன்னும் வினோதம். மரீக்கு வடக்கே 130 கிலோமீட்டருக்கு மேல் போனால் ரோடு அதைக் குறுக்கே கடக்கிறது. பெரும்பாலான வருடங்களில் வறண்ட மணல்தான். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி குயின்ஸ்லாந்தில் பெய்த மழை, சரிவே இல்லாத பூமியில் ஊர்ந்து ஊர்ந்து, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நகர்ந்து இங்கே வந்து சேரும். 2025 மார்ச் கடைசியில் மேற்கு குயின்ஸ்லாந்தில் வந்த வெள்ளம் அப்படித்தான் ஏர் என்ற பெரிய உப்பு ஏரிப் பக்கம் இறங்கியது. மேலே வானம் நீலமாக இருக்கும், ஒரு சொட்டு பெய்திருக்காது, ரோடு தண்ணீருக்கு அடியில் இருக்கும். அந்த மாதிரி வருடங்களுக்கென்று ஒரு ஃபெர்ரி வைத்திருக்கிறார்கள். ஆகவே பார்க்க வேண்டியது நாம் போகிற ஊரின் வானிலை மட்டுமில்லை, மேலே குயின்ஸ்லாந்தில் போன மாதங்களில் என்ன பெய்தது என்பதையும்தான். அரசாங்கத்தின் அவுட்பேக் ரோடு அறிக்கையைக் கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க காலையில் காபியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, வண்டி. எங்களுடையது பழைய டீசல் பிராடோ, இரண்டு டேங்க்கும் சேர்த்து 150 லிட்டர். வழியில் மங்கரானியில் ஓட்டலும் டீசலும் உண்டு, மரீயிலிருந்து 200 கிலோமீட்டர் போல, அங்கிருந்து பேர்ட்ஸ்வில் 300 சொச்சம். நான் மங்கரானியில் டீசல் கிடைக்காது என்று வைத்தே கணக்குப் போட்டேன். 517ஓடு கிளைப்பாதைகளுக்கு 100 கூட்டி, மணலில் கூடுதலாகக் குடிக்கும் என்று நூற்றுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 93 லிட்டர் வருகிறது. டேங்கே போதும். மங்கரானியில் டீசல் இருந்தது, ஊற்றியும் கொண்டோம், விலையைப் பற்றிப் பேச வேண்டாம். எரிபொருள் ஜெர்ரி கேன்களைக் கூரையில் அடுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். எடை மேலே ஏறினால் வளைவில் வண்டி சாயும்.

டயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஸ்டர்ட் கல் பாலைவனத்தின் ஓரத்தை ரோடு தொட்டுப் போகிறது, பாலிஷ் போட்டது போல் பளபளக்கும் சிவப்புக் கற்கள், பக்கச்சுவரைக் கிழிப்பதில் கெட்டிக்காரக் கற்கள். லைட் டிரக் ரக டயர், ஸ்பேர் இரண்டு, காற்றைக் குறைத்து வேகத்தையும் குறைப்பது. காற்றைக் குறைத்துவிட்டுப் பழைய வேகத்திலேயே போனால் டயர் சூடேறி வெடிக்கும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர், நாங்கள் 10 என்று வைத்துக்கொண்டோம், ஒரே டேங்கில் வைக்காமல் பல கேன்களில்.

மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகைக்கு இன்று கடையில் நல்ல விலை. 1936இல் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் இந்த வழியில் லாரியில் தபால் கொண்டுபோன டாம் குரூஸ் அதே வேலையை இரும்புத் தகடுகளை வைத்துச் செய்தார். தகட்டைப் போடு, ஓட்டு, எடுத்து முன்னால் போடு, மறுபடி ஓட்டு. ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத காலம் அது.

முதல் கிளைப்பாதை முலூரினா ஸ்டேஷனுக்கு. மரீக்கு வடக்கே 50 கிலோமீட்டர் சொச்சம், அதைத் தாண்டிப் போனால் ஏர் ஏரியின் லெவல் போஸ்ட் பே என்ற கரை. 1964 ஜூலை 17 அன்று பிரிட்டிஷ் வேக வீரர் டொனால்ட் காம்ப்பெல் தன் புளூபேர்ட் காரில் மணிக்கு 648 கிலோமீட்டர் ஓட்டி தரைவேக உலக சாதனை செய்தது இந்த உப்பு ஏரியில்தான், அவர் ஆட்கள் தங்கியிருந்தது முலூரினாவில். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபானா மக்களுக்கு இது புனிதமான ஏரி, படுகையில் இறங்கி நடக்கக் கூடாது என்று இப்போது விதி. கரையில் நின்றே பார்த்தோம். உப்பு வெளிச்சத்தில் கண் கூசியதில் என் மனைவி பத்து நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பிவிட்டாள். மரீக்கே திரும்பி டேங்கை நிரப்பிவிட்டுத்தான் பெரிய பாதையில் ஏறினோம்.

கேட் திறப்பது ஒரு தனிக் கலை. இரும்பு கேட் என்றால் சங்கிலியும் ஆணியும்தான், சுலபம். முள்கம்பியைக் குச்சிகளில் இழுத்துக் கட்டிய கம்பி கேட் வந்தால்தான் பாடு. கடைசிக் குச்சியின் அடி ஒரு கம்பி வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும், தலைக்கு இன்னொரு வளையம். திறந்தால் மொத்தமும் தரையில் சரிந்து சிக்கிக்கொள்ளும். மூடும்போது அடியை முதலில் வளையத்தில் விட்டு, குச்சியைத் தோளால் அணைத்து நெட்டித் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல் வளையத்தை மாட்ட வேண்டும். என் மனைவிக்கு இது முதல் தடவையே வந்துவிட்டது, எனக்குச் சட்டை கிழிந்தது. விதி ஒன்றுதான்: எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போ. திறந்து கிடந்த கேட்டை நல்லெண்ணத்தில் மூடினால் அந்தப் பக்கம் மாடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போகலாம். நண்பர் ஒருவர் தன் வண்டியில் பின்னால் வர, இரண்டு வண்டியாகப் போனதால் முன்வண்டிதான் கேட்டின் நிலையைப் பார்க்கிறது, பின்வண்டிதான் கடைசியில் கடக்கிறது. "மூடியிருந்தது, மூடிவிட்டு வா" என்று ஒவ்வொரு கேட்டிலும் ரேடியோவில் நண்பருக்குச் சொல்லிவிடுவேன்.

ரேடியோ என்றதும் ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுத்து வரும் லாரி. 53 மீட்டர் நீளம் வரை மாட்டு லாரிகள் வரும். எதிரே தூசு மலை எழும்புவது வெகுதூரத்திலிருந்தே தெரியும். யூஎச்எஃப் 40ஆம் சேனலில் கூப்பிட்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, தூசு வராத பக்கமாக முழுக்க ஒதுங்கி நிறுத்திவிடுவதுதான் மரியாதை. அவர்கள் நமக்காக ஒதுங்க மாட்டார்கள், முடியவும் முடியாது.

இரவு தங்குவதற்கும் சட்டம் அளவு சொல்கிறது. வீடு, கொட்டகைகளிலிருந்து ஒரு கிலோமீட்டர், மாட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து 500 மீட்டர் தள்ளி. பல கிலோமீட்டர் நடந்து தாகத்தோடு வருகிற மாடு அங்கே விளக்கும் ஆளும் இருப்பதைப் பார்த்தால் கிட்டே வராமல் நின்றுவிடும். பெரிய ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்ப் படுகையிலிருந்து ஆழ்துளையில் மேலே வரும் தண்ணீர் அது. வழியில் வரும் மிர்ரா மிட்டா ஆழ்துளையில் கொதிக்கக் கொதிக்க வருகிறது, கை வைத்துப் பார்க்கும் ஆசையெல்லாம் வேண்டாம்.

எட்டடன்னா ஸ்டேஷன் நிலத்துக்குள் கில்லல்பனின்னா என்ற ஏரி. அங்கே 1867 முதல் 1915 வரை ஜெர்மன் லூத்தரன் மிஷன் இருந்தது. அங்கிருந்த பூர்வகுடிகளின் தியெரி மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1897இல் அச்சிட்டார்கள், இந்த வெட்டவெளியில் உட்கார்ந்துகொண்டு. கட்டடங்களில் இன்று மிச்சம் அதிகமில்லை. பெலிக்கன்கள் இருந்தால் அதிர்ஷ்டம். எனக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த இடம் இதுதான், மனைவிக்கு மங்கரானி வெந்நீர்க் குளியல்.

மரீயைத் தாண்டினால் மொபைலை நம்பிப் போகக் கூடாது. சாட்டிலைட் போன் வாடகைக்கு எடுத்தோம், ஆபத்தில் சிக்னல் அனுப்பும் அவசர பீக்கன் சொந்தமாக இருக்கிறது, அதைக் கடல்பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம், செய்யாமல் வைத்திருப்பவர்களைத் திட்டத் தோன்றும். 1963 டிசம்பரில் மரீயிலிருந்து இதே வழியில் கிளம்பிய ஒரு குடும்பத்தில் ஐந்து பேரும் கார் பெட்ரோல் தீர்ந்து நின்ற பிறகு, காரை விட்டு விலகி, தாகத்தில் இறந்தார்கள். வண்டியை விட்டு நகராதே என்று இங்கே எல்லோரும் ஓதுவதற்குப் பின்னால் இந்த மாதிரிக் கதைகள் உண்டு. மேலிருந்து தேடுகிறவர்களுக்கு ஆளைவிட வண்டி சீக்கிரம் தெரியும்.

ஆனால் சாதனங்களைவிட எனக்குத் தைரியம் தந்தது, இன்ன நாளில் இன்ன இடத்தில் இருக்க வேண்டியவர்கள் என்று எங்களைத் தெரிந்த ஆள் அங்கேயே இருந்ததுதான். அதற்குப் பதிலாக நாம் செய்ய வேண்டியது ஒன்று: வெளியே போனதும் போய்விட்டோம் என்று சொல்வது. சொல்லாவிட்டால் அவர்கள் வேலையை விட்டுவிட்டுத் தேடிக் கிளம்புவார்கள். பேர்ட்ஸ்வில் போய்ச் சேர்ந்த அன்று குளிப்பதற்கு முன் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். நன்றியெல்லாம் கேட்க அவருக்கு நேரமில்லை. தெற்கே இரண்டாவது கேட்டுக்கு அப்புறம் பாதை எப்படி இருந்தது, மாடு எந்தப் பக்கம் நின்றது, தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டார். தொட்டியை நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன், மாடுகள் சுற்றி நின்றன என்று சொன்னேன். "அது போதும்" என்றார்.

அடுத்த வருடம் வாக்கர்ஸ் கிராஸிங் வழியாக இன்னமின்கா போகலாம் என்று நண்பர் சொல்கிறார். அந்தப் பாதையும் கூப்பரைக் கடக்கிறது, கோடையில் மூடிவிடுவார்கள். குயின்ஸ்லாந்தில் மழை எப்படி என்று பார்த்துவிட்டு லீவு கேட்பதாக இருக்கிறேன்.