ரெமிஷன் வந்தது, கண் பரிசோதனைக் கடிதம் நின்றது

இங்கிலாந்தில் என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) டைப் 2 சுகர்காரர்களுக்கு நடத்தும், சாப்பாட்டுக்குப் பதில் சூப்பும் ஷேக்கும் குடிக்கும் திட்டத்தில் நாளுக்கு 800, 900 கலோரியில் 12 வாரம் ஓட்டினேன். மாத்திரையை நிறுத்திய பிறகும் எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 48-ஐத் தொடவில்லை (ஊர்க் கணக்கில் 6.5 சதவீதம்). டைப் 2 ரெமிஷன், அதாவது மாத்திரை இல்லாமலே சுகர் அடங்கியிருக்கும் நிலை என்றார்கள். சரி, சந்தோஷம்.

அதற்குப் பிறகு, சுகர்காரர்களுக்கு விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கும் கண் ஸ்கிரீனிங்குக்கான கடிதம் வரவே இல்லை. அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டால், "எங்கள் பட்டியலில் உங்கள் பெயரே இல்லை, ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) கேளுங்கள்" என்றார்கள். ஜிபி ரிசப்ஷனில் இருந்த அம்மணி திரையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் டயபிடீஸ் இல்லையே!" என்று வாழ்த்தே சொன்னார். சந்தேகமாக இருந்தால் கண்ணாடிக் கடையில் பார்த்துக்கொள்ளலாமாம். அங்கே பார்ப்பது வேறு. ஸ்கிரீனிங்குக்கு அது ஈடாகாது. சுகர் இருந்த வருடங்களில் விழித்திரை ரத்தக்குழாய்களுக்கு நேர்ந்த சேதம், சுகர் இறங்கியதும் மறைந்துவிடாது. சுகர் மளமளவென்று குறையும்போது சிலருக்குக் கண் தற்காலிகமாக மோசமாவதும் உண்டு. இதையெல்லாம் கவுண்டரில் நின்று, பின்னால் வரிசை முறைத்துக்கொண்டிருக்க, எப்படி விளக்குவது?

கடைசியில் கைகொடுத்தவர் அங்கிருந்த டயபிடீஸ் நர்ஸ். ரெக்கார்டைத் திறந்த உடனே பிடித்துவிட்டார்: யாரோ 'ரெமிஷன்' என்ற குறியீட்டுக்குப் பதிலாக 'ரிசால்வ்ட்' (நோய் தீர்ந்துவிட்டது) என்ற குறியீட்டைப் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் சுகர் பதிவேட்டிலிருந்தே ஆளைத் தூக்கிவிடும். கண் மட்டுமல்ல, கால், சிறுநீரகம், வருடாந்தர எச்பிஏ1சி எல்லாவற்றுக்கும் அழைப்பு நின்றுபோகலாம். அவர் அதை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

பிறகு கடிதம் வந்தது, படம் எடுத்தார்கள். சொட்டு மருந்து கொஞ்சம் எரியும். பார்வை மங்கல் தெளிய ஆறு மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை கார் ஓட்டக் கூடாது. கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள், வெளியே வெளிச்சம் கூசும்.

ரிசல்ட்டில் ஆர்1, அதாவது ஆரம்பநிலை ரெட்டினோபதி (சுகரால் வரும் விழித்திரைப் பாதிப்பு). சிகிச்சை வேண்டாம், அடுத்த வருடம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். "உங்களுக்குத்தான் இல்லையே" என்ற அம்மணிக்கு இதன் நகல் ஒன்று அனுப்ப ஆசைதான்.

ரெமிஷனில் இருப்பவர்கள் என்எச்எஸ் ஆப்பில் ரெக்கார்டைத் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ரிசால்வ்ட்' என்று இருந்தால் ரிசப்ஷனில் மல்லுக்கட்ட வேண்டாம், நேராக டயபிடீஸ் நர்ஸின் அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள்.