மைன்கிராஃப்ட் சர்வரில் பேன் ஆனவரைத் திரும்பச் சேர்ப்பது: நாங்கள் செய்யும் முறை

சர்வரின் கட்டளைத் திரையான கன்சோலில் ‘பார்டன்’ என்று அடித்து, பக்கத்தில் ஆளின் பெயரைப் போட்டால் பேன், அதாவது உள்ளே வரத் தடை, நீங்கிவிடும். அந்தக் கமாண்டுக்கு முன்னால் ஒரு வார வேலையும் பின்னால் ஒரு மாத வேலையும் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் உள்ளே விட்டால் ஆள் சீக்கிரமே மறுபடி பேன் ஆவார். அதில் பாதிக் குற்றம் சர்வரை மேற்பார்வை செய்யும் மாட்களுடையது. கீழே உள்ளது ஜாவா பதிப்பு, பேப்பர் சர்வர், கூடவே உறுப்பினர்கள் பேசிக்கொள்ள ஒரு டிஸ்கார்டு குழு என்ற அமைப்புக்கானது. பிளகின்கள் (கூடுதல் நிரல்கள்): லக்பெர்ம்ஸ் (அனுமதிகள்), கோர்புரொடெக்ட் (யார் எதை மாற்றினார் என்ற பதிவு), எசென்ஷியல்ஸ் எக்ஸ் (பொதுவான கமாண்டுகள்), கிரீஃப் புரிவென்ஷன் (நிலப் பாதுகாப்பு).

முறையீடு எப்படி வந்து சேரும் என்பதே முதல் சிக்கல். டிஸ்கார்டிலிருந்தும் பேன் ஆனவருக்கு அங்கே எழுத வழியில்லை. பொதுவான சர்வர் எதுவும் இல்லையென்றால் பாட் மூலம் அவருக்குத் தனிச்செய்தி அனுப்பவும் முடியாது. எனவே பேன் காரணத்தின் கடைசி வரியிலேயே ஒரு கூகுள் ஃபார்ம் இணைப்பைப் போட்டுவிடுவோம். உள்ளே நுழைய முயன்றால் திரையில் அதுதான் தெரியும். ஃபார்மில் நான்கே கேள்விகள்: என்ன செய்தீர்கள், யாருக்கு என்ன நஷ்டம், இடைப்பட்ட காலத்தில் வேறு கணக்கில் வந்தீர்களா, திரும்பி வந்து என்ன செய்ய நினைக்கிறீர்கள். “சாரி ப்ரோ, தெரியாம பண்ணிட்டேன், அன்பேன் பண்ணுங்க” என்ற ஒற்றை வரி வந்தால் நிராகரிக்க மாட்டோம். இரண்டாவது கேள்வியை மட்டும் திருப்பி அனுப்புவோம். யாருடைய பெட்டியைக் காலி செய்தோம் என்று பெயர் சொல்லி எழுதத் தெரிந்தவரிடம்தான் மேற்கொண்டு பேச விஷயம் இருக்கும். மூன்றாவது கேள்விக்கு விடை எங்களுக்குப் பெரும்பாலும் முன்பே தெரியும். உண்மையைச் சொல்கிறாரா என்று பார்க்கத்தான் அது.

பேன் போட்டவர் முடிவெடுக்கக் கூடாது. வேறு மூன்று மாட்கள் பார்க்க வேண்டும், இருவர் சம்மதித்தால் போதும். பாதிக்கப்பட்டவரிடம் கேட்பதில் ஒரு வேறுபாடு வைத்திருக்கிறோம். வீட்டை இடித்தது, பொருள் திருடியது என்றால் அவருடைய கருத்தைக் கேட்போம், ஆனால் முடிவு எங்களுடையது. தொல்லை கொடுத்தது, ஆபாசமாகப் பேசியது என்றால் அவர் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான், காரணம் கேட்க மாட்டோம். ஒருவருடைய முகவரி, போன் எண், படம் ஆகியவற்றை வெளியிட்டவருக்கும், சிறு வயதினரிடம் தவறாக நடந்தவருக்கும் ஃபார்மே கிடையாது.

சரி, சேர்க்கலாம் என்று முடிவாகிவிட்டது. உடனே கமாண்டை அடித்துவிடாதீர்கள். பேன் விவரம் சர்வர் கோப்புறையில் பேண்டு பிளேயர்ஸ் ஜேசன் கோப்பில் இருக்கும்: யூயூஐடி (பெயர் மாறினாலும் மாறாத கணக்கு அடையாள எண்), பெயர், தேதி, பேன் போட்டவர், முடியும் நாள், காரணம். பார்டன் அடித்ததும் அந்தப் பதிவு கோப்பிலிருந்து போய்விடும். டிஸ்கார்டிலும் அதே கதைதான். அன்பேன் செய்தால் பேன் பட்டியலிலிருந்து காரணமும் சேர்ந்து மறையும். நிர்வாகச் செயல்களைக் குறித்து வைக்கும் ஆடிட் லாக் 45 நாள்தான் நிற்கும். பேன் போடும்போது பழைய செய்திகளையும் அழிக்கும் வசதியைத் தேர்ந்திருந்தால் கடைசி ஏழு நாள் செய்திகள் வரை ஏற்கெனவே போயிருக்கும், அவை திரும்ப வராது. ஆகவே இரண்டு பதிவுகளையும் ஸ்கிரீன்ஷாட்டுடன் மாட்களின் தனிக் கோப்பில் நகலெடுத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள். ஆறு மாதம் கழித்து “அவர் ஏன் பேன் ஆனார்?” என்று புது மாட் கேட்பார்.

அடுத்தது, ஆள் வெளியே இருக்கும்போதே அவருடைய பழைய சொத்துகளைப் பார்ப்பது. அதிகம் சறுக்குவது இங்கேதான். பேன் என்பது கதவை மட்டும்தான் பூட்டுகிறது, உள்ளே எதையும் தொடுவதில்லை. பிளேயர்டேட்டா கோப்பில் அவருடைய பை அப்படியே இருக்கும். நகலெடுத்துப் பெருக்கிய வைரங்களுக்காக பேன் ஆனவர் அதே வைரங்களோடு திரும்பி வருவார். வெளியே இருப்பவரின் பையையும் எண்டர் பெட்டியையும் ஓப்பன்இன்வ் பிளகினில் திறந்து பார்த்து, களவுப் பொருளை எடுத்துவிடுங்கள், நேர்மையாகச் சேர்த்ததை விட்டுவிடுங்கள்.

இடமும் முக்கியம். பேன் ஆன நொடியில் எங்கே நின்றாரோ அங்கேதான் மறுபடி தோன்றுவார். பெரும்பாலும் அது இடிபட்ட வீட்டின் வாசல். எசென்ஷியல்ஸின் டிபிஆஃப்லைன் கமாண்டால் அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய்ப் பார்க்கலாம். அவர் குறித்து வைத்த ‘ஹோம்’ இடங்களில் மற்றவர் வீட்டை ஒட்டியவை இருந்தால் நீக்குங்கள். பழைய நண்பர்கள் தங்கள் கிளெய்மில் (உரிமை கோரிய நிலத்தில்) கொடுத்த ‘டிரஸ்ட்’ அனுமதியும் உயிரோடு இருக்கும். நில உரிமையாளரிடம் சொல்லி எடுக்கச் செய்யுங்கள், அல்லது தெரிந்தே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓப்பி அந்தஸ்து, அதாவது சர்வர் நிர்வாகி அதிகாரம், இருந்தவர் என்றால் இன்னும் கவனம்: பேன் போட்டாலும் ஓப்பி தானாகப் போகாது, அதைப் பறிக்கும் டிஓப் கமாண்டைத் தனியாக அடிக்க வேண்டும்.

சேதத்தை அப்போதே சரிசெய்யாமல் இப்போது கோர்புரொடெக்டில் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது) போட நினைத்தால் முதலில் பிரிவியூ போட்டுப் பாருங்கள். இடைப்பட்ட காலத்தில் வேறொருவர் அதே இடத்தில் கட்டியிருப்பார். ரோல்பேக் அந்தக் கட்டைகளின் மேலேயே பழையதை எழுதிவிடும். நாளாகிவிட்டது என்றால் ரோல்பேக்கை மறந்து, நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பொருளாகக் கொடுப்பதே மேல்.

இப்போது கமாண்ட். பேன் எந்த வழியில் போடப்பட்டதோ அந்த வழியில்தான் எடுக்க வேண்டும். லைட்பேன்ஸ் மாதிரி தனித் தரவுத்தளம் வைத்திருக்கும் பிளகினில் போட்டதை விளையாட்டின் சொந்த பார்டன் தொடாது. ஐபி பேன் தனி, அதற்கு பார்டன் ஐபி. (மொபைல் நெட்டில் ஒரே ஐபியைப் பல பேர் பகிர்வதால், சம்பந்தமே இல்லாதவர்களும் அதில் மாட்டியிருப்பார்கள். ஐபி பேனே வேண்டாம் என்பது என் கட்சி.) பேன் பெயரில் இல்லை, யூயூஐடியில் இருக்கிறது. ஆள் இடையில் பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயருக்கோ புதுப் பெயருக்கோ கமாண்ட் ஒத்துழைக்காமல் போகலாம். அப்போது சர்வரை நிறுத்திவிட்டு கோப்பில் அந்தப் பதிவை நீக்குங்கள். ஓடும்போது கோப்பைத் திருத்தினால் சர்வர் தன் நினைவில் உள்ளதை மேலே எழுதிவிடும். ஒயிட்லிஸ்ட் (அனுமதி பெற்றவர் பட்டியல்) இருந்தால் அதில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிஸ்கார்டில் அன்பேன் செய்தாலும் ஆள் தானாக உள்ளே வர மாட்டார், புது அழைப்பு வேண்டும். ஒரு முறை மட்டும் பயன்படும்படி, ஒரு நாளில் காலாவதியாகும்படி அமைத்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள். ‘தற்காலிக உறுப்பினர்’ என்ற தேர்வு விழுந்திருந்தால், ரோல் கொடுக்காதவரை அவர் ஆஃப்லைன் போனதுமே வெளியேற்றப்படுவார். மறுபடி விரட்டிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். பழைய ரோல்களும் திரும்ப வராது. அது நமக்கு நல்லதுதான்.

விளையாட்டுக்குள் நிலைமை நேர் எதிர். லக்பெர்ம்ஸ் பழைய ரேங்கை மறக்காது. முதலில் அவரை அடிப்படைக் குழுவுக்கு இறக்கி, அதன்மேல் 30 நாளுக்கான தற்காலிகக் குழு ஒன்றைச் சேர்க்கிறோம். நாள் முடிந்தால் அது தானே கழன்றுவிடும். அந்தக் குழுவில் வெடிக்கும் டிஎன்டியும் லாவா வாளியும் வைக்கத் தடை, எசென்ஷியல்ஸின் ஆன்டிபில்ட் பகுதி வழியாக. குழுவின் ‘வெயிட்’ (முன்னுரிமை) எண் அடிப்படைக் குழுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடிப்படைக் குழு தரும் அனுமதி தடையை மிஞ்சிவிடும். எக்ஸ்ரே (பாறைக்குள் இருப்பதைக் காட்டும் ஏமாற்று) போட்டு மாட்டியவர் என்றால் வாரம் ஒரு முறை கோர்புரொடெக்டில் அவர் தோண்டிய வைரத் தாதுவை மட்டும் தேடிப் பாருங்கள். குகையைத் தொடர்ந்து போகிறவரின் பாதைக்கும், பாறைக்குள் நேராக வைரத்துக்கு வைரம் தாவுகிறவரின் பாதைக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இந்தத் தடைகளும் கண்காணிப்பும் உண்டு என்று அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். பெயருக்கு முன்னால் எந்த அடையாளமும் தெரியக் கூடாது. குழுவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘உறுப்பினர் 2’.

பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நாள் முன்பே தனியாகச் சொல்லுங்கள். சாட்டில் அந்தப் பெயரைத் திடீரென்று பார்க்கும்படி விடுவது அநியாயம். மற்றபடி பொது அறிவிப்பு வேண்டாம். எல்லோரையும் டேக் செய்து “மறுபடி வருகிறார், வரவேற்போம்” என்பதெல்லாம் பேனைப் பெருமாளாக்கும் வேலை. ஞாயிறு மாலை கூட்டமாக இருக்கும், வேண்டாம். செவ்வாய், புதன் என்று ஒரு சாதாரண நாளில், ஒரு மாட் ஆன்லைனில் இருக்கும்போது வரச் சொல்லுங்கள். நுழைந்ததும் எல்லோரும் தொடங்கும் இடமான ஸ்பானுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வணக்கம் சொல்லிவிட்டு, கையில் வேலை ஒன்று கொடுங்கள்: நெதர் சாலைக்குக் கல் வேண்டும், ஊர்ச் சந்தைக்குக் கூரை வேண்டும் என்று. வேலை இருக்கிறவரிடம் யாரும் பழங்கதை பேசுவதில்லை.

பேசுகிறவர் வருவார். “டேய், என் வீட்டை எரிச்சவன் வந்துட்டான்டா” என்று முதல் மணி நேரத்திலேயே விழும். ஒரு தடவை சிரித்துக்கொண்டு விடலாம். இரண்டாவது தடவைக்கு எச்சரிக்கை, மூன்றாவதற்கு டிஸ்கார்டில் ஒரு மணி நேர டைம்அவுட். அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்கக் கூடாது. வந்தவரும் தன் பேன் கதையை மேடை போட்டுச் சொல்லக் கூடாது. பொது மன்னிப்பு கேட்கச் சொல்வதில்லை. பாதிக்கப்பட்டவர் சரி என்றால் ஒரே ஒரு தனிச்செய்தி, அதற்குப் பதில் வராவிட்டால் தொடரக் கூடாது.

ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் ஒரு மாட் அவரிடம் ஐந்து நிமிடம் பேசுவார். நடுவில் சின்ன விதிமீறல் வந்தால், எல்லோருக்கும் கொடுக்கும் அதே தண்டனைதான். பழைய கணக்கை அதில் கூட்டுவதில்லை. பழைய குற்றத்தையே மறுபடி செய்தால் பேன், ஃபார்ம் இணைப்பு இல்லாமல். முப்பதாம் நாள் குழு கழன்றதும் லக்பெர்ம்ஸில் ஒரு முறை அவர் பெயரைத் தேடிச் சரிபாருங்கள். அவசரத்தில் தற்காலிகத்துக்குப் பதில் நிரந்தரமாகச் சேர்த்துவிடுவது சாதாரணமாக நடக்கும். டிஎன்டி வைக்க முடியவில்லை என்று அவராகவே கேட்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.