வாடைக்கு முன் வரைந்த படம்

சிங்கப்பூரின் தானா மேரா படகுத்துறையில் காலை எட்டு மணிக்கு ஃபெர்ரி ஏறினால், இந்தோனேசியத் தீவான பிந்தானில் இறங்கும்போதும் மணி எட்டுதான். கடலைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஏறத்தாழ மூன்று வருடம், வாரத்துக்கு ஒரு நாள், இப்படிக் காலையில் ஒரு மணி நேரம் சம்பாதித்து மாலையில் அதை அப்படியே தொலைத்துவிட்டு யீஷூன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்.

ரியாவ் தீவுகளைச் சேர்ந்து மேம்படுத்த 1990இல் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகுதான் பிந்தானின் வடகரையில், லாகோய் பக்கம், விடுதிகள் வரிசையாக எழும்பின. எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்ததும் அந்தக் கரையில் ஒரு வேலைதான். நாற்பது வில்லா, ஸ்பா, யோகா மண்டபம். ‘நலவாழ்வு’ என்ற பெயரில் விற்கப்படும் சொகுசு. நான் திட்ட ஒருங்கிணைப்பாளர். படத்தில் இருப்பதும் தரையில் எழும்புவதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு.

முதல் முறை இடம் பார்க்கப் போனது ஒரு ஜூலை மாதம். தாம்பாளத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரிக் கடல் அசையாமல் கிடந்தது. கட்டடக் கலைஞர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். அங்கேயே முடிவாகிவிட்டது: யோகா மண்டபம் நீர் விளிம்பில், மூன்று பக்கமும் திறந்தபடி. அதை ஒட்டி, கடலைப் பார்த்த மசாஜ் அறைகள். விளம்பரப் படங்களும் அந்த வாரமே எடுக்கப்பட்டன.

எங்களோடு மின் வேலைக்கு வந்திருந்த சூப்பர்வைசர் தொண்டிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் விடாமல் சார் என்பார். அவர் மண்டபத்துக்குக் குறித்திருந்த முளைக்குச்சிகளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

“வடக்க பாத்த கரை சார் இது. வாடைக்காலத்துல யாராச்சும் வந்து பாத்தாங்களா?”

“டிசைன் முடிஞ்சிருச்சுண்ணே.”

அவர் மேற்கொண்டு பேசவில்லை. நானும் அன்றைய கூட்டக் குறிப்பில் அதை எழுதவில்லை. இந்தத் தொழிலில் எழுதாத வார்த்தை சொல்லாத வார்த்தைதான். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று பிறகு பல நாள் யோசித்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. கூட்டம் பத்து நிமிடம் நீண்டிருக்கும்.

டிசம்பரில் திறந்தோம். அந்தக் கரை தென்சீனக் கடலுக்கு நேர் எதிரே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று தடுப்பாரில்லாமல் வந்து மோதும். யோகா ஆசிரியை மூச்சை மெதுவாக இழுக்கச் சொன்னது இரண்டாம் வரிசைக்கே கேட்கவில்லை. பாயில் மணல், மூக்கில் மணல். ஒரு விருந்தினர் சவாசனத்திலிருந்து எழுந்து நேராக அறைக்குப் போய்விட்டார். அடுத்த சில மாதங்களில் கைப்பிடிக் கம்பிகளில் தேநீர் சிந்தின மாதிரிப் பழுப்புக் கறை பூத்தது. கடலோரத்துக்கு 316 தர எஃகுதான் போடவேண்டும். சிக்கனம் பார்த்து 304 போட்டிருந்தோம். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

பிறகு தார் வந்தது. வாடைக்காலத்தில் பிந்தானின் வடகரையில் ஒதுங்கும் எண்ணெய்க் கசடு அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. நடுக்கடலில் கப்பல்கள் தொட்டியைக் கழுவிக் கொட்டுவது. கோலிக்குண்டு அளவில், எருமைச்சாண நிறத்தில், மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும். மிதித்தால்தான் தெரியும். வெள்ளைப் பருத்தி அங்கி போட்ட ஓர் அம்மையார் இரண்டு பாதங்களிலும் அப்பிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர், சோப்பு, எதற்கும் அசையவில்லை. பாலியிலிருந்து வேலைக்கு வந்திருந்த பெண் ஒருத்தி மசாஜ் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து, பஞ்சில் தேங்காயெண்ணெயைத் தோய்த்து, விரலிடுக்கு விரலிடுக்காகத் துடைத்தாள். கால் மணி நேரம். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரம் முழுதும் எங்கள் விடுதியில் உருப்படியாக நடந்த சிகிச்சை அது ஒன்றுதான் என்பேன்.

தொல்காப்பியத்தில் நெய்தல் நிலத்துக்கு உரிய ஒழுக்கம் இரங்கல். கடற்கரையில் உட்கார்ந்தால் மனசு ஆறும் என்று நம்மவர்கள் சொல்லி வைக்கவில்லை; போனவனை நினைத்து ஏங்கத்தான் கடற்கரை. நாம்தான் அதற்கு அமைதி என்று பெயர் ஒட்டி விற்கிறோம். சிங்கப்பூரின் செந்தோசாவும் இப்படித்தான். பிளாக்காங் மாத்தி, ‘பின்னால் சாவு’ என்று அழைக்கப்பட்ட தீவுக்கு 1970களின் தொடக்கத்தில் பெயர் மாற்றினார்கள். மலாயில் அமைதி என்று பொருள். வேர் நம் வாயில் புரளும் அதே சந்தோஷம். அங்கே பெயரோடு மணலையும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் கரைக்கு மணலுக்குக் குறைவில்லை. காற்றை என்ன செய்வது?

மண்டபத்தையும் மூன்று மசாஜ் அறைகளையும் அறுபது மீட்டர் உள்ளே, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோகலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை எழுதினேன். கடல் தெரியாத ஸ்பாவுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். தாய்லாந்தின் புக்கெட்டை உதாரணம் காட்டினேன். 1994இல் பான்யன் ட்ரீ என்ற விடுதி நிறுவனம் தன் முதல் விடுதியைத் திறந்தது கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில். அந்த மனைக்குக் கடற்கரை முகப்பு கிடையாது. அதனால்தான் வில்லாவுக்கு ஒரு நீச்சல் குளம் என்று உள்ளேயே வெட்டினார்கள். இல்லாததை ஈடுகட்டச் செய்தது பிறகு எல்லாரும் காப்பியடிக்கும் சொகுசானது. இது வேலை செய்தது. என் வாதத்தைவிட அவர்களுடைய லாபம்தான் கேட்டவர்களை மசிய வைத்தது என்பதும் எனக்குத் தெரியும்.

சவுக்குக்குப் பின்னால் கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். சவுக்கு இலை காற்றைச் சல்லடை போட்டு விடுகிறது. இப்போது முன்பதிவில் முதலில் தீர்வது அந்த அறைகள்தான். தொண்டிக்காரர் மின் இணைப்பை முடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மண்டபத்தின் படத்தை அனுப்பினேன். “தென்னையில ஒரு காய்கூட இல்லையே சார்” என்று மட்டும் பதில் வந்தது. விருந்தினர் தலையில் விழுந்துவிடும் என்று குலைகளைப் பிஞ்சிலேயே வெட்டிவிடுகிறார்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

தார் இன்னமும் வருகிறது. விடியலில் ஆட்கள் கரையைச் சலித்து அள்ளுகிறார்கள்; தப்பியது தப்பியதுதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு வில்லா படியிலும் ஒரு சின்ன மண் கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும், பக்கத்தில் பஞ்சும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று எழுதி வைக்கவில்லை. போன வருடம் ஒரு விருந்தினர், அறைக்குள் நுழையுமுன் பாதத்துக்கு எண்ணெய் வைக்கும் அந்தத் தொன்மையான வழக்கம் தன்னை நெகிழ வைத்ததாகக் கருத்துப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தார்.