எல்லோருக்கும் மூச்சு 20

எந்த மருத்துவமனையின் பொது வார்டுக்கும் போய், காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கும் டிபிஆர் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் கட்டத்தில் எண்கள் ஏறி இறங்கும். நாடித்துடிப்பும் கொஞ்சம் மாறும். மூச்சுக் கட்டத்துக்கு வந்தால் 20, 20, 20, 20. எண்பது வயது ஆஸ்துமாத் தாத்தாவுக்கும் 20, காய்ச்சலுக்குச் சேர்ந்த கல்லூரிப் பையனுக்கும் 20. சில வார்டுகளில் எல்லோருக்கும் 18. அது அந்த வார்டின் வழக்கம், அவ்வளவுதான். வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் வேலை பார்க்கும் செவிலியர் தோழிகள் அங்கேயும் இதே கதைதான் என்கிறார்கள்.

காரணம் புரியாமல் இல்லை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. பிபிக்கு மெஷின். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் நாடியும் ஆக்சிஜன் அளவும் சேர்ந்தே வந்துவிடும். மூச்சுக்கு மட்டும் நம் கண்ணும் கைக்கடிகாரமும்தான். ஒரு முழு நிமிடம் கட்டில் பக்கத்தில் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். நாற்பது கட்டில் என்றால் நாற்பது நிமிடம், அதுவும் நடுவில் யாரும் கூப்பிடாமல் இருந்தால். அப்படி ஒரு நாற்பது நிமிடம் எந்த வார்டில் கிடைக்கும்?

எண்ணும் முறையை நர்சிங் முதலாண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், நாடி பார்ப்பதுபோலவே நின்று நெஞ்சைக் கவனிக்க வேண்டும். நோயாளியிடம் எதையும் மறைக்கக்கூடாது என்று நெறிமுறை வகுப்பில் படித்த அதே காலத்தில்தான் இதையும் படித்தோம். யாரும் கேள்வி கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு சின்ன சிரிப்பு உண்டு.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். உடம்பில் ஏதாவது கெடும்போது பல நேரம் முதலில் மாறுவது இந்த எண்தான். கிருமி ரத்தத்தில் பரவினாலும், நுரையீரலில் நீர் கோத்தாலும், சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் அமிலம் கூடினாலும் மூச்சு வேகமெடுக்கும். அந்த நேரத்தில் ஆக்சிமீட்டர் 97 என்று காட்டிக்கொண்டிருக்கலாம். வேகமாக மூச்சு வாங்கித்தான் உடம்பு அந்த 97ஐக் காப்பாற்றி வைத்திருக்கும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25ஐத் தொட்டால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். 8க்கு இறங்கினாலும் 3. ஒரே ஒரு கட்டத்தில் 3 வந்தாலே அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் 20 என்று எழுதினால் அந்தக் கட்டத்தின் மதிப்பெண் எப்போதும் பூஜ்யம்.

பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்களிடம் இந்தப் பழக்கம் குறைவு. பிபி ஏறி வலிப்பு வந்த, அல்லது வரக்கூடிய தாய்க்கு மக்னீசியம் சல்பேட் போடும்போது, அடுத்த டோசுக்கு முன் மூன்றைப் பார்த்தே ஆக வேண்டும். மூச்சு 16க்குக் குறையக்கூடாது, முழங்காலில் தட்டினால் கால் உதற வேண்டும், சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போயிருக்க வேண்டும். மருந்து உடம்பில் அதிகமானால் முதலில் கால் உதறுவது நிற்கும், அப்புறம் மூச்சு நிற்கும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஊசி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். அங்கே இல்லாத எண்ணை எழுத யாருக்கும் கை வராது. எழுதினால் விளைவு அதே ஷிஃப்டில் கண் முன்னால் வந்து நிற்கும். மெடிக்கல் வார்டில் விளைவு அடுத்த ஷிஃப்டுக்குத்தான் வரும். வேறொருவர் தலையில் விழும்.

நான் அதிக காலம் இருந்தது ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆண்கள் மெடிக்கல் வார்டில். பூச்சிமருந்து குடித்துவிட்டு வருபவர்கள் இல்லாத நாளே அங்கே கிடையாது. முதல் நாள் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். வாயில் நுரை, வியர்வை, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி, மாற்று மருந்தாக அட்ரோபின் ஊசி. இரண்டாம் நாள் ஆள் கண் விழித்துப் பேசுவார். வீட்டார் முகம் தெளியும். நம் கவனமும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். இரண்டாவது ஆபத்து அப்போதுதான் வரும். குடித்து 24 மணியிலிருந்து 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும். இதைத் தனி நிலையாக 1987இல் விவரித்து எழுதியவர்கள் இலங்கையில் இருந்த சேனநாயக்க, கரள்ளியத்த என்ற இரு மருத்துவர்கள். விவசாய நாட்டில் பார்த்ததை எழுதினார்கள், விவசாய நாடுகளுக்கெல்லாம் பயன்பட்டது. அதன் அடையாளத்தைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம். "தலையணையிலிருந்து தலையைத் தூக்குப்பா" என்று சொல்லிப் பார்த்தால் போதும்.

ஒரு இரவு, மூன்றாம் நாளில் இருந்த பாலிடெக்னிக் பையன் ஒருவன். சாயங்காலம் வரை சார்ட்டில் மூச்சு 20. வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா வந்து சொன்னார்: "சிஸ்டர், அந்தப் பையனுக்கு அவங்கம்மா தண்ணி குடுத்தா மூக்கு வழியா வருது. தலையும் நிக்க மாட்டேங்குது." என்னோடு டியூட்டியில் இருந்த ஜூனியர் ஸ்டாஃப் போய்ப் பார்த்தாள். அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. மூச்சை எண்ணினாள். 34, அதுவும் மேலோட்டமாக. ஆக்சிமீட்டரில் 95.

பயிற்சி டாக்டரான சிஆர்ஆர்ஐக்குப் போன் போட்டாள். "சார், அந்தப் பாய்சன் பையன் கொஞ்சம் டல்லா இருக்கான்."

"காலையில நல்லாத்தானே சிஸ்டர் பேசினான்? அட்ரோபின்ல அப்படித்தான் இருக்கும். பாத்துக்குங்க, ரவுண்ட்ஸ்ல சொல்லிடலாம்."

அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாள் காலையிலிருந்து தூங்காதவர். "டல்லா இருக்கான்" என்ற சொல்லில் அவர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வார்டில் பாதிப் பேர் டல்லாகத்தான் இருப்பார்கள். அவள் இரண்டாவது முறை நேராக, மேற்படிப்பு படிக்கும் பிஜி டாக்டரைக் கூப்பிட்டாள். இந்த முறை பேசியது வேறு மாதிரி. "மேடம், ஆண்கள் மெடிக்கல், பதினோராம் கட்டில். பூச்சிமருந்து, மூணாம் நாள். மூச்சு 34, மேலோட்டமா இருக்கு. தலையைத் தூக்க முடியலை, தண்ணி மூக்கு வழியா வருது. மூச்சுக்கு ட்யூப் போட வேண்டி வரும்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பாக்கணும்."

மேடம் ஓடி வந்தார். பையன் தீவிர சிகிச்சைப் பிரிவான ஐஎம்சியூவுக்குப் போனான், ஒரு வாரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்தான், பிறகு நடந்தே வீட்டுக்குப் போனான்.

யார், பின்னணி என்ன, இப்போது என்ன பார்த்தேன், உங்களிடம் என்ன கேட்கிறேன் என்ற இந்த வரிசையைப் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது. முதல் மூன்றும் சுலபம். நான்காவதில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ட்யூப் போட வேண்டி வரும்னு நினைக்கிறேன்" என்று சொல்ல ஒரு ஜூனியர் ஸ்டாஃபுக்குத் தைரியம் வேண்டும். பார், தகவல் சொல், உன் கருத்தைச் சொல்லாதே என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்காமல் குழுப்பணி என்று போஸ்டர் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆயாம்மாவுக்கு அந்தத் தயக்கம் எவ்வளவு இருந்திருக்கும்? அவர் பார்த்ததை எழுதச் சார்ட்டில் கட்டமே கிடையாது. ஆனால் யார் சாப்பிடவில்லை, யார் பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடிக்கிறார், யாருடைய படுக்கை இரண்டு நாளாக ஈரமாக இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்த இரவுக்கு அப்புறம் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர், ஷிஃப்ட் மாறி ஓவர் எடுக்கும் முன் ஆயாம்மாவிடமும் அட்டெண்டரிடமும் "இன்னிக்கு யாரு சரியில்லை?" என்று கேட்கத் தொடங்கினார். ஓரிரு நிமிடத்தில் முடியும் வேலை.

அவர் மாற்றிய இன்னொன்று வேலை பிரிக்கும் முறை. அதுவரை ஒரு ஸ்டாஃப் வார்டு முழுக்க ஊசி போடுவார், ஒருவர் மாத்திரை, ஒருவர் டிபிஆர், பிபி. வேகமாக நடக்கும். ஆனால் வீட்டார் வந்து "எங்கப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டால் யாருக்கும் முழு பதில் தெரியாது. ஊசி போட்டவருக்கு ஊசி தெரியும், பிபி பார்த்தவருக்கு பிபி தெரியும். சிஸ்டர் வேலையைப் பிரிக்காமல் கட்டில்களைப் பிரித்தார். உன் பதினைந்து கட்டிலுக்கு எல்லாமே நீதான். முதலில் எல்லோரும் முணுமுணுத்தோம். மூச்சுக் கட்டத்தில் முதன்முறையாக 22, 14, 26 என்று பலவிதமான எண்கள் வரத் தொடங்கியது அப்போதுதான். தன் நோயாளி என்று ஆனபிறகு பார்க்காமல் எழுதக் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது.

இரவில் இந்த முறை நிற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றப் பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எங்கள் இரவில் வார்டு முழுக்க இரண்டு பேர், லீவு விழுந்தால் ஒருவர். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்கள் அந்தக் கட்டில் எண்ணிக்கையிலேயே வரமாட்டார்கள். அப்போது பழையபடி ஒருவர் ஊசி, ஒருவர் பிபி என்று ஓட வேண்டியதுதான்.

சார்ட்டில் இல்லாததை எழுதுவது ஒரு பக்கம். வெளியே வரக் கூடாததைச் சத்தமாகச் சொல்வது இன்னொரு பக்கம். கட்டில் பக்கத்தில் நின்று ஓவர் கொடுக்கும்போது "லவ் ஃபெயிலியர் பாய்சன்" என்று சொல்லிவிட்டு நகர்வோம். அடுத்த கட்டில் நோயாளி, அவர் மனைவி, டீ கொண்டுவந்த பையன் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். படிப்பின் தொடக்கத்தில் விளக்கேந்தி எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழியில் நோயாளியின் சொந்த விஷயங்களை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு வரி உண்டு. அந்த உறுதிமொழி நைட்டிங்கேல் எழுதியதல்ல, 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் எழுதப்பட்டது. யார் எழுதினால் என்ன, வரி சரியான வரி. 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. வார்டில் தண்டனை வேறு விதமாக நடக்கும். வயிறு கழுவும்போது "அப்பா அம்மாவை நினைச்சுப் பாத்தியா?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். மூக்கில் ட்யூபோடு படுத்திருப்பவனால் பதில் சொல்ல முடியாது என்பதுதான் அதில் உள்ள கொடுமை.

சரி, சார்ட்டுக்கே வருகிறேன். எழுதாதது செய்யாததற்குச் சமம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நீதிமன்றத்தை நினைத்துச் சொன்ன நல்ல விதி. ஆனால் அதன் மறுபக்கமாக, எழுதிவிட்டால் செய்ததற்குச் சமம் என்று ஆகிவிட்டது. தரச்சான்று தருபவர்கள் பார்வையிட வரும்போது இது உச்சத்துக்குப் போகும். காலிக் கட்டம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. முந்தின இரவு உட்கார்ந்து பழைய சார்ட்டுகளையெல்லாம் நிரப்புவார்கள். வந்தவர்கள் நிரம்பிய சார்ட்டைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்த 20களை யாராவது ஒருவர் உரக்க வாசித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் இதில்தான் பிடிவாதம் பிடித்தார். பார்க்கவில்லை என்றால் காலியாக விடு, பக்கத்தில் காரணம் எழுது என்றார். "நோயாளியை ஐசியூவுக்கு மாற்றப் போயிருந்தேன்", "ஒரே ஸ்டாஃப்", "எமர்ஜென்சி, ஆறாம் கட்டில்" என்று குறிப்புகள் விழத் தொடங்கின. மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. வார்டின் மானம் போகிறது, ஒழுங்கில்லாத சார்ட் என்று திட்டு வந்தது. சிஸ்டர் அசரவில்லை. கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில் காயத்தைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்பதை நைட்டிங்கேல் எண்ணிக் காட்டித்தான் அரசாங்கத்தை அசைத்தார், அவர் கையில் விளக்கு மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது என்பார். சில மாதச் சார்ட்டுகளை எடுத்து, எந்த ஷிஃப்டில் எத்தனை கட்டம் காலி, அன்றைக்கு எத்தனை ஸ்டாஃப், எத்தனை நோயாளி என்று ஒரு தாளில் பட்டியல் போட்டார். காலிக் கட்டங்கள் ஆள் குறைந்த ஷிஃப்டுகளில் குவிந்திருந்தன. அதைக் கடிதத்தோடு இணைத்து நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் கொடுத்தார். அதுவரை ஆள் கேட்டு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் "உங்கள் பதிவேடுகளில் குறை ஏதும் இல்லையே" என்பதுதான் பதில். இந்தக் கடிதத்துக்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. மாலை ஷிஃப்டுக்கு ஒரு ஸ்டாஃப் கூடுதலாகக் கிடைத்தார். இரவுக்குக் கேட்டது, நான் மாறுதலாகி வரும் வரை கிடைக்கவில்லை.