வாடகைக்கு விட்ட வீட்டில் பழைய பாய்லரை மாற்றிய அனுபவம்

குளிர்ப் பிரதேச வீடுகளில் கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்குவது பாய்லர். அந்த வெந்நீர் அறைச் சுவர்களில் உள்ள ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகைகளுக்குள் ஓடி அறையைச் சூடாக்கும். பாய்லரின் பிரஷர் முள் அடிக்கடி இறங்குகிறது, ரேடியேட்டர் மேலே கொதிக்கிறது, அடியில் ஜில்லென்று இருக்கிறது என்று குடியிருப்பவர் சொன்னார். மேல்பாதி குளிர்ந்தால் உள்ளே காற்று, அடிப்பாதி குளிர்ந்தால் சேறு. அவர் இவ்வளவு தெளிவாகச் சொன்னதே பெரிய உதவி.

வந்த மெக்கானிக் புகைக்குழாயில் கருவியை விட்டு அளந்தார். கேஸ் சரியாக எரியவில்லை என்று அப்போதே பாய்லரை நிறுத்திவிட்டார். கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அதனால் 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றே மின்சார ஹீட்டர்கள் வாங்கிக் கொடுத்தேன். வெந்நீர் இல்லாமல் குடும்பம் நடத்துவது அவர்கள், நாம் இல்லை.

அப்புறம்தான் எது வாங்குவது என்ற கேள்வி. பாய்லர் மாட்டுபவர்களில் ஒருவர் பழைய பாய்லரில் எழுதியிருந்த கிலோவாட்டைப் பார்த்து அதையே போடலாம் என்றார். இன்னொருவர் அறைகளை அளந்தார், ரேடியேட்டர்களை எண்ணினார், குழாயைத் திறந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்த்தார், காலையில் எத்தனை பேர் குளிப்பார்கள் என்று கேட்டார். இவரிடமே வேலையைக் கொடுத்தேன். வெந்நீரைத் தொட்டியில் சேமிக்காமல், குழாயைத் திறந்ததும் சூடாக்கித் தரும் காம்பி பாய்லரில் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குளியலறைதான். 24 கிலோவாட் பாய்லர், வரும் தண்ணீரின் சூட்டை 35 டிகிரி கூட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தரும். ஒரு ஷவருக்கு அது தாராளம். இரண்டு ஷவரை ஒன்றாகத் திறந்தால் போதாது.

பெட்டியை மாட்டுவது சின்ன வேலை. அதைச் சுற்றியிருப்பதுதான் நேரத்தையும் பணத்தையும் தின்றது. பழைய கேஸ் குழாய் ஒல்லி, அதை மாற்ற வேண்டியிருந்தது. புதிய வகை பாய்லரில் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராக வடியும். அதில் அமிலத்தன்மை இருப்பதால் தனியாக ஒரு பிளாஸ்டிக் வடிகுழாய் வேண்டும். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகச் சொன்னேன், வெளியே ஓடினால் கடுங்குளிரில் உறைந்து பாய்லரே நின்றுவிடும்.

குழாய்களைக் கழுவுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ரேடியேட்டர்களிலிருந்து வந்த தண்ணீர் முதலில் மை மாதிரி கறுப்பாக இருந்தது. உள்ளே இரும்பு அரித்து உண்டான துகள்கள் அவை. அந்தத் தண்ணீரைப் புது பாய்லருக்குள் விட்டால் பம்பும் வெப்பமாற்றியும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்து, இரும்புத் துகள்களைப் பிடிக்கும் காந்த வடிகட்டியும் போடச் செய்தேன்.

கடைசியாக ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 60 டிகிரி அளவுக்குக் குறைக்கச் சொன்னேன். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி நன்றாகக் குளிர்ந்து, அதன் வெப்பமும் வீணாகாமல் வீட்டுக்குக் கிடைக்கும். கேஸ் பில் கட்டுவது குடியிருப்பவர் என்பதால் இதைப் பல உரிமையாளர்கள் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

பிரஷர் 1 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே போனால் எந்த வால்வைத் திறந்து நிரப்புவது என்று மெக்கானிக் குடியிருப்பவரிடமே காட்டிக் கொடுத்தார். கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டியாகிவிட்டது. வருடா வருடம் சர்வீஸ் செய்யாவிட்டால் வாரன்ட்டி செல்லாது என்பதால் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். அப்போது அந்தக் காந்த வடிகட்டியையும் திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.